எஸ், ஐ, எழுபத்தைந்து

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, பஸ் மாறி மாறித் தீவிலுள்ள எங்கள் ஊரான சரவணைக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தது உடுத்திருந்த காற்சட்டையும் ஒரு தோள்பையும்தான். ஆனால் ஊரில் எனக்காக ஒரு பதவி காத்திருந்தது. நான் எஞ்சினியர். தெற்கிலே ஓர் உருக்காலையில் ஆறு வருடமாக எஞ்சினியராக இருந்தவன் என்று அம்மா ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார்.

நான் அப்படி ஒருநாளும் எழுதியதில்லை. 'உலைப் பகுதியில் வேலை, சுகமாயிருக்கிறேன்' என்று எழுதினேன். அம்மா மிச்சத்தை நிரப்பிக்கொண்டார். கடிதத்தில் பொய் எழுதாதவன் என்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. உண்மையை எழுதாதவன் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

என் வேலை இதுதான். உடைந்த பஸ், பழைய தண்டவாளம், கட்டில் சட்டம் என்று கிடைத்த இரும்பையெல்லாம் மின்சார உலையில் உருக்குவார்கள். உருகிய இரும்புக்குள் ஒட்சிசன் நிறைந்திருக்கும். அப்படியே வார்த்தால் உள்ளே பாண் ரொட்டி மாதிரித் துளை துளையாகப் போகும். அதனால் உலையிலிருந்து வாளியில் ஊற்றும்போது சாம்பல் நிறத்தில் மினுங்கும் கட்டிகளைச் சவளால் அள்ளி எறிய வேண்டும். அதன் பெயர் பெரோ சிலிக்கன். இரும்போடு சிலிக்கனைச் சேர்த்துச் செய்த சாமான். அது ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். அதற்குப் பிறகு பெரோ மங்கனீசு. அது கந்தகத்தின் கெடுதலை அடக்கும், கம்பி இழுக்கும்போது வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். எத்தனை கிலோ எறிவது என்று கண்ணாடி அறைக்குள் இருந்த எஞ்சினியர் கடதாசித் துண்டில் எழுதி அனுப்புவார். எங்களிடம் தராசு கிடையாது, சவள்தான் இருந்தது. அவருடைய கிலோவை என்னுடைய சவளாக மாற்றுவதுதான் அந்த ஆலையின் விஞ்ஞானம். நல்ல உருக்கு வந்தால் அவர் கணக்குச் சரி, கெட்ட உருக்கு வந்தால் என் சவள் பிழை.

ஊருக்கு வந்த பிறகு இந்த விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சினியர் என்றால் போதும். கிணற்று மோட்டர் பழுதானால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் மோட்டரைச் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டி, பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொல்வேன். அது எப்போதும் சரியான ஆலோசனையாக இருந்தது. காரைநகரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனுக்கு எஞ்சினியர் மாப்பிள்ளை ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த வருடக் கார்த்திகை மழையில் இந்தியக் கரையிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்த்தோணி ஒன்று காற்றில் திசைமாறி எங்கள் தீவுக்கு வெளியே மணல் திடலில் தட்டி நின்றது. அதிலிருந்தவர்களை ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்றொழிலாளர் ஏற்றி வந்து, சோறு கொடுத்து, காற்று ஓய்ந்ததும் தங்கள் வள்ளத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். தோணியை அலை இரண்டு நாளில் பிரித்துப்போட்டது. வெங்காயமும் துணியும் பாழ். மிஞ்சியது ஆறு இரும்புப் பரல்கள், மூடிபோட்ட பீப்பாய்கள். அவற்றை மீட்டு வந்தவர் ஒரு சம்மாட்டி, இரண்டு வள்ளத்துக்கும் கரைவலைக்கும் சொந்தக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். பரலைத் திறந்து பார்த்தார். உள்ளே மினுமினுவென்று கட்டிகள். என்ன சாமான் என்று கேட்க, அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபரிடம் கொண்டுவந்தார். சம்மாட்டியின் மகன் அவரிடம் படித்தவன்.

அதிபர் இளைப்பாறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர அதிபர் வேலையை விடவில்லை. வாசிகசாலைத் தலைவர் அவர்தான், கோயில் சபையில் செயலாளரும் அவர்தான். சூரிய கிரகணத்திலிருந்து தென்னையில் குரும்பட்டி உதிர்வது வரை ஊரில் எந்தச் சந்தேகத்துக்கும் அவரே முடிவு சொல்வார். 'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பரல்களின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த கடதாசியைக் கடல்தண்ணீர் கரைத்துவிட்டிருந்தது. ஒரே ஒரு பரலில் மட்டும் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் தப்பியிருந்தன. எஸ், ஐ. பக்கத்தில் எழுபத்தைந்து.

அதிபர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். எஸ், ஐ என்றால் சில்வர். எழுபத்தைந்து என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆறு பரல் வெள்ளி வந்திருக்கிறது என்று.

மறுநாள் காலை வாசிகசாலையில் கூட்டம். கதிரைகளில் எங்கள் ஆட்கள். பின்னாலிருந்த நீள வாங்குகளிலும் எங்கள் ஆட்கள். பெண்கள் வேலியோரம் நின்றார்கள், அம்மாவும் நின்றார். சம்மாட்டி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். பரல்களைக் கடலிலிருந்து எடுத்தவர் அவர்தான் என்பதால் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

முதலில் பத்தரைக் கூப்பிட்டார்கள். ஊரில் நகை செய்கிற ஒரே ஆள். அவர் ஒரு கட்டியை முதல்நாளே வாங்கிப்போய்த் தன் உலையில் வைத்து ஊதியிருந்தார். வெள்ளி உருகுகிற சூட்டையும் தாண்டி ஊதியும் அது அசையவில்லை என்று சொன்னார். இது வெள்ளி இல்லை, கட்டாயம் இல்லை என்றார்.

நியாயமாகப் பார்த்தால் கூட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதிபர் சிரித்தார். வெள்ளியைவிடக் கூடிய சூடு கேட்கிறது என்றால் வெள்ளியைவிட உயர்ந்த சாமான் என்றுதானே பொருள் என்று கேட்டார். பிளாட்டினம் என்ற சொல் அப்போதுதான் முதன்முதலாகச் சரவணை வாசிகசாலையில் ஒலித்தது. பத்தர் தன் உலைமேல் பட்ட அவமானத்தோடு உட்கார்ந்தார்.

நான் முதல்நாளே ஒரு கட்டியைக் கையில் எடுத்திருந்தேன். அதன் பாரம் என் கைக்குத் தெரியும். இரும்பின் பாதிப் பாரம்கூட இராது. உடைந்த முகத்தில் அந்த மினுக்கமும் தெரியும். ஆறு வருடம் என் கண்புருவத்தைப் பொசுக்கிய சாமான் அது. எழுந்து நின்றேன்.

"இது வெள்ளியும் இல்லை, பிளாட்டினமும் இல்லை, சேர். பெரோ சிலிக்கன். உருக்குக்கை போடுற சாமான்."

பின் வாங்கு வரிசையிலிருந்து ஒருவர் பெரிய சிலிக்கனோ என்று கேட்டார். அப்படியானால் சின்ன சிலிக்கனும் இருக்க வேண்டுமே என்றார் மற்றவர். சிரிப்பு அடங்கும்வரை அதிபர் பொறுத்திருந்தார். அவருக்குச் சிலிக்கன் தெரியும். அதுதான் வினையாகப் போனது.

"சிலிக்கன் எண்டால் மணலிலை இருக்கிறது, தம்பி. மணலை ஆராவது பரலிலை அடைச்சுக் கப்பலிலை ஏத்துவானோ? எங்கட கரையிலை கிடக்கிறது காணாதோ?"

மணலைப்போன்ற வெண்கல்லையும் பழைய இரும்பையும் கரியையும் பெரிய மின்சார உலையில் போட்டுக் காய்ச்சித்தான் இதைச் செய்கிறார்கள், மின்சாரம் மலிவான நாடுகளில் செய்து ஏற்றுகிறார்கள், எஸ், ஐ என்பது சிலிக்கனுக்கு எழுதுகிற எழுத்து, எழுபத்தைந்து அதில் சிலிக்கனின் பங்கு என்று நான் விளக்கினேன். கல்லையும் கரியையும் காய்ச்சிப் பளபளப்பான உலோகம் எடுக்கிறார்களாம் என்று ஒருவர் பக்கத்தவருக்கு மொழிபெயர்த்தார். நான் ஒரு சுத்தியலைக் கேட்டு வாங்கி, கட்டியைப் படியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடிபோலச் சிதறியது. வெள்ளி வளையும், இப்படி உடையாது என்றேன். சுத்திகரிக்காத தாது அப்படித்தான் உடையும் என்றார் அதிபர். அவர் சொல்வதில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

பிறகு அவர் கேட்டார், மரியாதையோடுதான்:

"நீர் அங்கை எஞ்சினியராய் இருந்து இதை எங்கை கண்டனீர்?"

ஒரு கணம் யோசித்தேன். ஆய்வுகூடத்தில் என்று சொல்லியிருக்கலாம். காரைநகர்ப் பேச்சும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் கூட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிற மனிதன் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். என் கையில் கிடைத்தது உண்மைதான்.

"நான் எஞ்சினியர் இல்லை, சேர். இதைத்தான் சவளாலை அள்ளிப் போட்டனான். ஆறு வருசம்."

இந்த வாக்குமூலத்தால் என் சொல்லுக்குப் பாரம் கூடும் என்று நினைத்தேன். ஆறு வருடம் கையால் அள்ளியவனுக்குத் தெரியாதா என்று சனம் யோசிக்கும் என்று நம்பினேன். சனம் வேறு மாதிரி யோசித்தது. சவள்காரனுக்கு என்ன தெரியும் என்று யோசித்தது. எஞ்சினியராக எழுந்தவன் கூலியாளாக உட்கார்ந்தேன். வேலியோரத்தைப் பார்த்தேன். அம்மா அங்கே இல்லை.

அதன் பிறகு கூட்டம் உற்சாகமாக நடந்தது. கோயிலுக்கு ஒரு சுவாமி வாகனம் செய்வதா, வாசிகசாலைக்கு மேல்மாடி கட்டுவதா என்று இரண்டு கட்சி உண்டானது. விற்கும்வரை சாமானை அதிபர் வீட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. கடைசியில் யாரோ நினைவு வந்தவராய், சம்மாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு அந்தக் கட்டி வேண்டாம். வெறும் பரல் ஆறையும் தாங்கோ, காணும்," என்றார் அவர்.

சபை கண்ணால் சிரித்தது. இப்படியும் ஒரு சனம் என்று ஒருவர் முணுமுணுத்தார். நல்ல தடிப்பான இரும்புப் பரல்கள், மூடியோடு. மண்ணெண்ணெய் வைக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், வலைக்குச் சாயம் அவிக்கலாம். அந்த அறையில் அன்று பெறுமதியான சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான்.

அன்று மத்தியானம் அதிபர் வீட்டுப் பக்கமாகப் போனேன். முற்றத்தில் சம்மாட்டியின் ஆட்கள் பரல்களைக் கவிழ்த்துக் கட்டிகளைச் சாக்குகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாமானில் ஈரம் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஈரம் பட்டால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும், உள்ளிப்பூண்டு மாதிரி மணக்கும், மூடிய இடத்தில் ஆளைச் சாய்க்கும். ஆலையில் களஞ்சியக் கதவை மழைக்காலத்தில் ஒருநாளும் சாத்தவிட மாட்டார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் வேலிப் படலையில் நின்றேன். அதிபர் விறாந்தையிலிருந்து என்னைப் பார்த்து, என்ன தம்பி, மணல் பார்க்க வந்தனீரோ என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். நான் படலையிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன்.

சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அடுத்த சில நாள்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம் அது.

அதிபர் சாக்குகளைத் தெற்குப்பக்க அறையில் அடுக்கி, யன்னல்களைப் பூட்டி, அயலவர் எட்டிப்பார்க்காமல் யன்னல் இடுக்குகளுக்குச் சீலைத்துண்டும் அடைத்திருந்தார். அந்த அறையின் ஓடு ஒழுகும். சட்டி வைத்தார்கள், சட்டியும் நிறைந்தது. காவலுக்கென்று தன் கட்டிலையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் காலை அதிபரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். அம்மா கூட்டத்தன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. காரைநகரிலிருந்து ஆட்கள் வந்து, பெண்ணுக்குச் சாதகத்தில் ஏதோ குற்றம் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையில் குற்றம் சொல்லாத நாகரிகமான ஆட்கள். அதிபரின் மனைவி குசினிக்குள் நின்று இஞ்சியும் கொத்தமல்லியும் கேட்டார். அதிபருக்கு இரண்டு நாளாகத் தலையிடியாம், இரவிலிருந்து சத்தியாம், குடிக்கிறதெல்லாம் வெளியே வருகிறதாம், நெஞ்சு இறுக்குகிறதாம். பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என்னை எழுப்பியது.

"அந்த அறை முழுக்க உள்ளி மணக்குது. நான் நாலு நாளாய் உள்ளி உரிக்கவேயில்லை."

நான் ஓடினேன். விறாந்தையைத் தாண்டும்போதே மணம் வந்தது. சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினேன். அதிபர் கட்டிலில் குறுக்கே கிடந்தார். முகம் வெளிறி, மூச்சு மேலே மேலே எடுத்தது. அந்த நிலையிலும் என்னை அடையாளம் கண்டு, கதவைச் சாத்தும் என்று கையைக் காட்டினார். அவருடைய அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்தேன். பாதி வழியில் என் மேலேயே சத்தி எடுத்தார். கடைசிப் பரலை எடுத்துப்போக வந்த சம்மாட்டி படலையில் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேருமாக அவரைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்து, அவ்வழியால் வந்த ஒரு வான் வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். நீர் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு உள்ளே போய் ஒட்சிசன் போடச் சொன்னார்.

அடுத்த நாள் நானும் சம்மாட்டியும் வாயைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, சாக்குகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. வாகனக் கட்சியையும் காணோம், மேல்மாடிக் கட்சியையும் காணோம். இப்படி வெளியே கிடந்தால் ஆமிக்காரன் கண்டு குண்டுச்சாமான் என்பான் என்ற பயம் புதிதாக வந்திருந்ததால், உடனே கடலில் போடச் சொல்லி மட்டும் சிலர் தூரத்திலிருந்தே கட்டளை தந்தார்கள்.

வள்ளத்தில் ஏற்றி நெடுந்தீவுப் பக்கத்து ஆழத்துக்குப் போனோம். போகிற வழியில் சம்மாட்டி என்னிடம், உண்மையிலே இது என்னத்துக்குத் தம்பி பாவிக்கிறது என்று கேட்டார். ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். நான் துளை விழுகிற உருக்கைப் பற்றியும், வாளியைப் பற்றியும், ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு கசடு மேலே வருவதைப் பற்றியும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். நங்கூரத்துக் கம்பி சிலது வளையும், சிலது சடாரென்று முறியும், அது இந்தச் சாமானைச் சரியாய்ப் போடாததாலோ என்று கேட்டார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன்.

"அப்ப நீங்கள் ஒழுங்காய் அள்ளிப் போட்டிருந்தால் என்ரை போன வருசத்து நங்கூரம் போயிருக்காது," என்றார்.

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. சாக்கைத் தூக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அதிபரைப் பார்க்கப் போனேன். ஒட்சிசனைக் கழற்றியிருந்தார்கள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. பக்கத்தில் இருக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார்.

"தம்பி, பத்தர் இல்லையெண்டு தலையாட்டினவுடனேயே எனக்கு விளங்கிட்டுது. நீர் சொன்னதையும் நம்பினனான்," என்றார்.

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தனை சனம் இருந்து என்ரை வாயைப் பார்த்துக்கொண்டிருக்குது. எனக்குத் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு ஒருவேளை வெள்ளியாய் இருந்தாலும் எண்டு..."

எனக்கு அவர்மேல் பெரிய கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் ஈரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு படலையில் நின்றேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். தாதி மருந்தோடு வந்தார். தாதி போன பிறகும் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றியவன் என்று ஊர் சொன்னபோதும் மறுக்கவில்லை. எஞ்சினியர் பட்டத்தை மறுத்த அளவுக்கு எனக்குத் தைரியம் இரண்டாம் முறை வரவில்லை.

தை பிறந்து அதிபர் தேறியதும் வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். 'உருக்கும் விஞ்ஞானமும்' என்று தலைப்பு. பேச்சாளர் அதிபர். ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். பெரோ சிலிக்கன் எப்படிச் செய்யப்படுகிறது, எதற்குப் பயன்படுகிறது, ஈரம் பட்டால் என்னவாகும் என்று ஒன்று விடாமல், நான் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னார். அதன் நச்சுத்தன்மையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க நேர்ந்தது என்றார். விஞ்ஞானிகள் பலர் அப்படித் தங்களை அர்ப்பணித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். சனம் கைதட்டியது. பேச்சின் நடுவே, இந்தத் துறையில் ஓரளவு அனுபவமுள்ள தம்பி ஒருவரும் எங்கள் மத்தியில் இருக்கிறார் என்று என் பக்கம் கையைக் காட்டினார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவில் நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்த் தலைவருக்கும் பேச்சாளருக்கும், இரண்டும் ஒருவரே ஆனபடியால் இரண்டு முறை, நன்றி சொன்னேன். கதிரை தந்த வீட்டாருக்கும் தேநீர் ஊற்றியவர்களுக்கும் சொன்னேன். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிபர் மெல்லக் கேட்டார். இல்லை சேர் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.